என் குதிகாலும் சகலையின் பெயரும்

என் மாமியார் வீட்டில் மீன்தலை மூத்த மாப்பிள்ளைக்குத்தான். மீனைப் பிடித்தவன் நான். ஐஸ் போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டு, வேட்டி நனைய நனைய ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வரை பஸ்ஸில் கொண்டுவந்தவனும் நான். ஆனாலும் குழம்பு கொதித்து இறங்கியதும் கரண்டி நேராகச் சகலையின் இலைக்குத்தான் போகும். எனக்கு நடுத்துண்டு வரும். நடுத்துண்டில்தான் சதை அதிகம், முள்ளும் குறைவு என்று மனைவி சமாதானம் சொல்லுவாள். எனக்குச் சதையா வேண்டும்?

சகலை என் மனைவியின் அக்கா கணவன். என்னைவிட மூன்று வயது மூத்தவன். நேரில் பார்த்தால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், மரியாதையில் குறை வைக்கமாட்டேன். மனதுக்குள் மட்டும் அவன், இவன். இதை எழுதும்போது மனதில் இருக்கிறபடியே எழுதுகிறேன், இங்கேயும் எதற்கு வேஷம்.

அவனுக்கு உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் நிலம் உண்டு. நெல்லும் மிளகாயும் போடுவார்கள். எங்கள் அய்யா கடலாடிப் பக்கம் இருந்த கொஞ்ச நிலத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், கடைசியில் விற்றுவிட்டு ராமேஸ்வரம் வந்து விசைப்படகில் ஏறியவர். நானும் பத்தாவதோடு படகில் ஏறிவிட்டேன். மாமனார் வீட்டில் நிலம் உள்ளவனுக்கு மூத்த பெண்ணைக் கொடுத்தார்கள், படகில் போகிறவனுக்கு இளையவளை. எல்லாம் ஒரே சொந்தம்தான், யாரும் என்னைக் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் தலைத் தீபாவளிக்கு அவனுக்கு மோதிரம் போட்டார்கள். நாலு வருஷம் கழித்து வந்த என் தலைத் தீபாவளிக்குக் கைக்கடிகாரம். அது பொங்கலுக்குள் நின்றுபோயிற்று. அவன் மோதிரம் இன்றைக்கும் விரலில்தான் இருக்கிறது.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். குடிக்கமாட்டான். மனைவியிடம் குரல் உயர்த்தமாட்டான். என் மகனுக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு முன்னால் அவன் ஆஸ்பத்திரியில் நிற்பான். அதைப் பார்க்கும்போது நன்றி வரவேண்டும், எனக்கு வயிறுதான் எரியும்.

சில வருஷங்களுக்கு முன் கடற்கரைச் சாலையை ஒட்டி மீன் வைக்கிற பெரிய குளிர்கிடங்கு ஒன்று கட்டினார்கள். யாருடையது என்பது இங்கே வேண்டாம். அதில் ஒரு காண்ட்ராக்டருக்குக் கீழே அவனுக்குக் கம்பி கட்டுகிற வேலை கிடைத்தது. நீலக் கயிற்றில் போட்டோ வைத்த பாஸ் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வேலை முடிந்த கையோடு மாமியார் வீட்டுக்கு வருவான். அத்தை தெருவில் போகிறவர்களிடமெல்லாம், "எங்க மூத்த மருமகன் இப்ப கம்பெனியில இருக்காரு" என்று சொல்லுவார். கம்பி கட்டுகிறவனுக்குக் கம்பெனி. நான் பதினைந்து வருஷமாகக் கடலுக்குப் போகிறேன், என்னைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால், "சின்னவரு போட்டுல போறாரு" என்பதோடு சரி.

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம். சித்திரை பிறந்ததும் விசைப்படகுகளையெல்லாம் இரண்டு மாதம் கரையில் கட்டிவிடுவார்கள். வலை பார்த்து, பலகைக்குப் பெயிண்ட் அடித்து, மிச்ச நேரம் சும்மா இருந்தேன். அப்போதுதான் அவன் அய்யாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். மூன்று நாள் கூடவே இருக்க வேண்டும். அந்த வேலையில் சேர்ந்தாற்போல இரண்டு நாள் வராவிட்டால் பாஸைப் பிடுங்கிக்கொண்டு வேறு ஆள் போட்டுவிடுவார்கள். அத்தை இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பினார்.

நான்தான் சொன்னேன். "நீங்க போய்ட்டு வாங்கண்ணே. ஒங்களுக்குப் பதிலா நான் போறேன்."

அவன் தயங்கினான். "அது போட்டோ போட்ட பாஸு தம்பி. ஆள் மாத்திப் போனா சரி வருமா?"

"போட்டுல நாங்க ஆள் மாத்திப் போகலையா?"

படகில் அது வழக்கம். ஒருவனுக்கு உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் விசேஷம் என்றால் தம்பியையோ மச்சானையோ அனுப்பிவிடுவான். பங்கு அவன் பெயரில் விழும், இரண்டு பேரும் பிரித்துக்கொள்வார்கள். ஓட்டுகிறவர் வந்த ஆளைப் பார்ப்பாரே தவிர பெயரைக் கேட்கமாட்டார். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம், அதில் ஒரு தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடலில் செல்லுபடியாவது கரையிலும் செல்லும் என்று நினைத்துவிட்டேன்.

உதவி செய்யத்தான் போனேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். முழு உண்மை அதுவல்ல. அந்தக் கம்பெனி வேலையை ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அரிப்பு. அந்த நீலக் கயிறு என் கழுத்தில் எப்படித் தொங்கும் என்று பார்க்க வேண்டும்.

வாசலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாஸில் இருந்த போட்டோ கறுப்புத் திட்டாக இருந்தது, தலைக்கவசம் மாட்டினால் எல்லோரும் ஒரே முகம். மேஸ்திரிக்கு மட்டும் விஷயம் தெரியும். "தலை எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும்ப்பா, ஏறு" என்றார். முதல் நாள் நன்றாகவே போயிற்று. டீ இருக்கிற இடத்துக்கே வந்தது. மத்தியானம் ஒரு மணி நேரம் நிழலில் படுக்க விட்டார்கள். படகில் வலை இழுக்கும்போது உட்காரக்கூட முடியாது. இந்தச் சுகத்தில்தான் மகராசன் இருக்கிறானா என்று எனக்குப் பொருமலாக இருந்தது.

இரண்டாம் நாள் சாரத்தில் நின்று கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். பலகையை ஓரத்தில் கட்டாமல் சும்மா வைத்திருந்தார்கள். நான் எட்டிக் கம்பியைப் பிடித்தபோது பலகை நழுவியது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். இரண்டு காலும் ஊன்றித்தான் விழுந்தேன். வலது குதிகால் கல்லில் இறங்கியது. சத்தம் எனக்கே கேட்டது.

சூப்பர்வைசர் ஓடிவந்து பாஸைப் பார்த்து, சகலையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் "ம்" என்றேன். ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சீட்டு எழுதுகிற பெண் பெயர் கேட்டபோது சூப்பர்வைசர் பாஸைக் காட்டினார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "இதுதானே?" என்றாள். வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அவன் பாஸ் போய்விடும், என்னால்தான் போயிற்று என்று அத்தை காலமெல்லாம் சொல்லுவார். "ஆமாங்க" என்றேன். ஆதாரை அப்புறம் கொண்டுவரச் சொன்னார்கள், அப்புறம் யாரும் கேட்கவில்லை.

குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. தகடு வைத்து ஆணி அடித்தார்கள். செலவைக் காண்ட்ராக்டர் பார்த்துக்கொண்டார். கண் விழித்துப் பார்த்தால் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் அவன் பெயர், அவன் வயது. என் மனைவி அழுதுகொண்டு வந்தாள். நர்ஸ் அவன் பெயரைச் சொல்லி, "அவங்க வீட்டுக்காரம்மாவா?" என்று கேட்டாள். அக்கா கணவன் பெயருக்குத் தான் எப்படி ஆமாம் என்று சொல்லுவது என்று இவள் திகைத்து நின்றாள். மதுரையிலிருந்து அவனும் நேரே ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான். அட்டையைப் படித்தான், என் காலைப் பார்த்தான், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அங்கே கிடந்தபடி நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வலி எனக்கு, பெயர் இவனுக்கு, இதிலும் தலை இவன் இலைக்கே போய்விட்டது என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்துக் கட்டுப் பிரித்தபோது கால் தரையில் பாவ மறுத்தது. சமதரையில் கம்பு ஊன்றி நடக்கலாம். ஆடுகிற படகில் நிற்க முடியாது. ஒரு நாள் ஏறிப் பார்த்தேன், கரையைத் தாண்டுவதற்குள் விழுந்துவிட்டேன். படகு உரிமையாளர் நல்ல மனிதர். "காலு சரியாகட்டும் தம்பி, அங்கன ஒன் எடம் இருக்கும்" என்றார். சரியாகாது என்று அவருக்கும் தெரியும். காண்ட்ராக்டர் ஆபீஸில் கேட்டதற்கு, வைத்தியம் பார்த்தாயிற்று, இனி ஒன்றும் இல்லை என்றார்கள்.

கோர்ட்டில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று வலை பின்னும் இடத்தில் ஒருவர் சொன்னார். போனேன். மனு எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்தில் ஒரு வக்கீலம்மாவைக் காட்டினார்கள். முப்பது வயதுதான் இருக்கும். கறுப்பு கோட்டை ஸ்கூட்டர் பெட்டியில் மடித்து வைத்திருந்தார். வேலை செய்யும்போது அடிபட்டு உடம்பில் ஒரு பாகம் வேலைக்கு ஆகாமல் போனால் முதலாளி நஷ்ட ஈடு தர வேண்டும், அதற்கென்று சட்டம் இருக்கிறது, மதுரையில் தொழிலாளர் ஆணையர் முன்னால் வழக்குப் போடலாம் என்று சொன்னார். எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துக் கொடுத்தேன்.

முதல் தாளைப் பார்த்தார். "இது யார் பேரு?"

"என் சகலை பேரு மேடம்."

"விழுந்தது யாரு?"

"நான்தான்."

பேனாவை மூடி வைத்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். படகில் ஆள் மாற்றிப் போகிற வழக்கத்தையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்க கால்ல இருக்கிற தகடு பேசும். எக்ஸ்ரேயும் பேசும். ஆஸ்பத்திரியில படுத்திருந்தது நீங்கதான்னு டாக்டர் சொல்லிடுவார். ஆனா சாரத்துல நின்னது நீங்கதான்னு சொல்ல ஆள் வேணும்" என்றார்.

மேஸ்திரியைக் கேட்டோம். ஆளே ஊரில் இல்லை என்று வீட்டில் சொன்னார்கள், உள்ளே இருமல் கேட்டது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். பதில் வந்தது. என் பெயரைப் போட்டு, இப்படி ஒரு நபர் எங்களிடம் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். வக்கீலம்மா படித்துக் காட்டியபோது முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. அவர்கள் காகிதப்படி அது பொய்யென்றும் சொல்ல முடியாது.

"இனி ஒரே வழிதான். உங்க சகலை வந்து, பாஸை நான்தான் கொடுத்தேன், நான் அன்னைக்கு மதுரை ஆஸ்பத்திரியில இருந்தேன்னு சாட்சி சொல்லணும்."

"சொன்னா அவருக்கு வேலை போயிருமே மேடம்."

"போகலாம். கேட்டுப் பாருங்க."

விழுந்தது யார் என்று காண்ட்ராக்டருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது, விஷயம் வெளியே வராமல் இருக்க அவனை வேலையிலேயே வைத்துக்கொண்டார். அப்போது அவனை ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு ஏற்றியிருந்தார்கள். வெயில் இல்லை, மேசை உண்டு, மாதச் சம்பளம். ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவனுக்கு வேலை போய்விடுமே என்று நான் வக்கீலம்மாவிடம் வருத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் படியிறங்கும்போது, போகட்டுமே என்று உள்ளே ஒரு குரல் குதியாட்டம் போட்டது. கம்பு ஊன்றித்தான் இறங்கினேன், ஆனாலும் கால் லேசாக இருந்தது.

நான் போய்க் கேட்பதற்கு முன்னாலேயே காண்ட்ராக்டர் ஆள் அவன் வீட்டுக்குப் போய்விட்டான். அவர்கள் காகிதத்தில் விழுந்தவன் அவன்தானே. ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, கால் குணமாகிவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிடு, வேலையும் அப்படியே இருக்கும் என்று பேசியிருக்கிறான். இரண்டு காலும் நன்றாக இருந்து ஓடுகிறவன் குதிகால் குணமானதற்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அத்தை வீட்டில் எல்லோரும் கூடினோம். அத்தைக்கு இந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. "அவரு வாங்கி அப்படியே ஒங்க கையில குடுத்துரப் போறாரு. கோர்ட்டுக்கு எதுக்கு அலையணும்? யாரு பேருல வந்தா என்ன?"

என் மனைவிகூடத் தலையாட்டினாள். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"ஒடைஞ்சது என் காலு அத்தை. அதுக்கு வாரதை நான் அவருகிட்ட கை நீட்டி வாங்கணுமா?"

இத்தனை நாள் வலியை அவன் தாராள மனசாக எனக்குத் தருவான், மூத்த மருமகன்தான் சின்னவனைக் காப்பாற்றினார் என்று தெரு பேசும், நான் நடுத்துண்டை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். அதற்கு நொண்டியாகவே பிச்சையெடுக்கலாம் என்று தோன்றியது. அந்தத் தொகையைவிட எனக்கு வேண்டியிருந்தது, விழுந்தவன் நான் என்று ஒரு காகிதமாவது சொல்ல வேண்டும் என்பதுதான்.

அவன் அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மோதிரத்தைத் திருகிக்கொண்டே, "எப்ப தம்பி மதுரைக்கு வரணும்?" என்று கேட்டான். அக்கா, அதாவது அவன் மனைவி, ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவளைப் பார்த்தான், அவள் உள்ளே போய்விட்டாள். ஒரு பார்வையில் மனைவியை அடக்குகிற வித்தையும் எனக்கு வராது.

விசாரணைக்கு முந்தின நாள் வக்கீலம்மா என்னைத் தனியாக உட்காரவைத்து, என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

"சொந்தக்காரங்க ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடுறீங்கன்னு சொல்லத்தான் அவங்க பாப்பாங்க. நீங்களும் உங்க சகலையும் ரொம்ப நெருக்கமா?"

"அப்படியெல்லாம் இல்ல மேடம்."

"சண்டையா?"

"சண்டையும் இல்ல."

"அப்புறம் என்னதான்?"

யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்தம்மா எங்கள் ஊர்க்காரர் இல்லை, கேஸ் முடிந்தால் பார்க்கப்போவதில்லை என்பதாலோ என்னவோ, மீன்தலையில் ஆரம்பித்து மோதிரம், கம்பெனி, நீலக் கயிறு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வக்கீலம்மா சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"கேட்டா இதையே சொல்லுங்க. பேர் விஷயத்துல ஒரு பொய் சொல்லித்தான் இவ்வளவு பாடு. இன்னொரு பொய் இந்த கேஸ் தாங்காது."

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் அவன் நின்றான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையவில்லை. ஸ்டோரில் லீவு கேட்டானா, கேட்காமலே வந்தானா என்று நான் கேட்கவில்லை. அக்கா இரண்டு பேருக்கும் தயிர்சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். மதுரையில் பஸ் படியிறங்கும்போது என் கம்பையும் காகிதப் பையையும் அவன்தான் வாங்கிப் பிடித்துக்கொண்டான். வக்கீலம்மா அவனிடம் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பி, "சாட்சி நல்லாப் பேசுறாரு" என்றார். முதல் நாள் எனக்கு இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தவர் அவர். எனக்கு மறுபடியும் புகைய ஆரம்பித்துவிட்டது.

கூண்டெல்லாம் இல்லை. ஆணையர் மேசை, பக்கத்தில் டைப் அடிக்கிறவர், எதிரே ஒரு நாற்காலி. சாட்சி என்பதால் அவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உண்மை சொல்வதாக உறுதி சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். எங்கள் தரப்பில் கேட்டது முடிந்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. பெயர் மாற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறீர்களா என்றார், ஒப்புக்கொண்டேன். பணத்துக்காகத்தானே என்றார், இல்லை, அவர் வேலை போகாமல் இருக்க என்றேன். பிறகு வக்கீலம்மா சொன்ன இடத்துக்கே வந்தார்.

"நீங்களும் அவரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. உங்களுக்காக எந்தப் பொய் வேணாலும் சொல்வாரு, அப்படித்தானே?"

கதவு சாத்தியிருந்தது. அவனுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் சொன்னேன். "இல்லங்க. எனக்கு அவரைப் பிடிக்காது."

"ஏன்?"

"பொறாமைங்க. கல்யாணமான நாள்லேருந்து."

ஆணையர் நிமிர்ந்து பார்த்தார். டைப் அடிக்கிறவர் கை ஒரு கணம் நின்றது, அப்புறம் அதையும் அடித்தார். வக்கீலம்மா குனிந்து எதையோ தேடினார். எனக்கு ஒரு பெரிய வேலை முடிந்தது போல இருந்தது.

அடுத்து அவனைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து பின்னால் சுவரோரம் உட்கார்ந்தேன். பாஸை நான்தான் கொடுத்தேன், அது தப்பு என்று தெரிந்தே கொடுத்தேன், அன்றைக்கு அய்யாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லி மதுரை ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வைத்தான். ஒவ்வொன்றையும் திக்காமல் சொன்னான். இப்போதும் அதே காண்ட்ராக்டரிடம்தானே வேலை என்று கேட்டார்கள். "இன்னைக்கு வரைக்கும் சார்" என்றான்.

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடவில்லை. டைப் அடித்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"யாருக்காக உங்க வேலையைக் கெடுத்துக்கிறீங்கன்னு தெரியுமா? கொஞ்ச நேரம் முன்னாடி உங்க சகலை இங்கன உட்கார்ந்து சொன்னதைப் படிக்கிறேன், கேளுங்க." நான் சொன்ன இரண்டு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "எனக்கு அவரைப் பிடிக்காது. பொறாமை, கல்யாணமான நாளிலிருந்து."

வக்கீலம்மா எழுந்து ஆட்சேபம் என்று ஏதோ சொன்னார். அதற்குள் அவன் திரும்பி என்னைப் பார்த்துவிட்டான். நான் தரையைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும் சார்" என்றான் அவன்.

"என்ன தெரியும்?"

"தம்பிக்கு என்னைப் பிடிக்காதுன்னு. எனக்கு எப்பவோ தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க? எதுக்காக?"

அவன் கேள்வி புரியாதவன் மாதிரி அவரைப் பார்த்தான். "விழுந்தது தம்பிதான சார்."

வேறு கேள்வி இல்லை என்று அந்த வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஆணையர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

வெளியே வந்து ஒரு மரத்தடியில் தயிர்சாதத்தைப் பிரித்தோம். ஊறுகாயை என் பக்கம் தள்ளினான். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் நினைத்தேன். வாயில் சோறு இருந்ததால் கேட்கவில்லை, சோறு தீர்ந்த பிறகு கேட்க நேரம் கடந்துவிட்டது போல இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு, பரமக்குடி தாண்டும் வரை மிளகாய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

அந்த வாரமே அவன் வேலை போயிற்று. எனக்குள் குதியாட்டம் போட்ட குரல் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அவன் ஊருக்குப் போய் அய்யாவோடு வயலில் இறங்கிவிட்டான். அத்தை ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை, அதில் எனக்கு அவர்மேல் கோபமும் இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. என் பெயர், என் அய்யா பெயர், வலது குதிகால், நிரந்தர ஊனம் இத்தனை சதவீதம் என்று எல்லாம் சரியாக இருந்தது. வக்கீலம்மா மொத்தக் கட்டையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். என் மனைவி உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு, "மச்சான் வரலேன்னா இது நடந்திருக்காதுங்க" என்றாள். இத்தனைக்குப் பிறகும் அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றுதான் தைத்தது.

அந்தப் பணத்தில்தான் பெட்டிக்கடை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். வியாபாரம் இல்லாத நேரம் ஜெராக்ஸ் கட்டை எடுத்துப் புரட்டுவேன். உத்தரவைப் படிப்பதில்லை, அவன் சாட்சியம் உள்ள பக்கத்தைத்தான் படிக்கிறேன். "விழுந்தது அவர்தான்" என்று நல்ல தமிழில் திருத்தி அடித்திருக்கிறார்கள். மோதிரம், நிலம், மேசை வேலை எதற்கும் பட்டிராத பொறாமை அந்த ஒரு வரிக்குப் படுகிறேன். அன்றைக்கு விழுந்தவன் அவனாக இருந்து, வேலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் மதுரைக்குப் போக வேண்டியிருந்தால் போயிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போயிருக்கமாட்டேன். அதுவும் அவனுக்குத் தெரிந்துதான் இருக்கும்.